மகளோடு மான் வேட்டைக்கு: விஸ்கான்சின் நாட்குறிப்பு

முதல் நாள், வெள்ளி இரவு

நாளை விடிந்தால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டை தொடங்குகிறது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமையில் ஆரம்பித்து 9 நாள். 5 லட்சம் பேருக்கு மேல் உரிமம் வாங்கிக்கொண்டு காட்டுக்கும் வயலுக்கும் போவார்கள். இந்த முறை அந்தக் கூட்டத்தில் என் மகளும் இருக்கிறாள். வயது 11. பக்கத்து அறையில் தூங்குவதாகப் பாசாங்கு செய்துகொண்டிருக்கிறாள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஓர் அக்டோபர் இரவு, எங்கள் கார் ஒரு பெண் மான் மீது மோதியது. பின்னங்கால் இரண்டும் போய், சாலையோரப் பள்ளத்தில் முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டே இருந்தது. வந்த போலீஸ்காரர், பிள்ளையை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள் என்றார். ஒரே குண்டு. அப்புறம், டீ வேண்டுமா என்பது போல, "கறி வேண்டுமா?" என்று கேட்டார். வண்டியில் அடிபட்ட மானை முறைப்படி தெரிவித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஓட்டி வந்தவருக்குத்தான் முதல் உரிமை. நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் யாரோ பிக்கப் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள். "நாமதானே அடிச்சோம். ஏன் அவங்க எடுத்துட்டுப் போறாங்க?"

கொல்லலாம், தின்னக் கூடாது. கடையில் வாங்கித் தின்னலாம், கொல்லக் கூடாது. எங்கள் வீட்டு நியாயம் இப்படி இருந்ததை அன்றுதான் நானே கவனித்தேன். அவளுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ மழுப்பியிருப்பேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். மகள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எழுபதைத் தாண்டியவரைப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு வராது, ஆகவே இங்கேயும் பெரியவர்தான். அவர் பிறந்த பண்ணை வெர்னான் கவுண்டியில் இருக்கிறது. கதையைக் கேட்டவர், "அடுத்த வருடம் என்னோடு வாயேன்" என்றார். 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் இங்கே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் உரிமம். முடித்தேன். போன வருடம் அவரோடு நான்கு நாள் உட்கார்ந்து குளிரை மட்டும் வேட்டையாடித் திரும்பினேன்.

அலுவலக நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: எச்-1 விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடலாமா? பொதுவாகக் கூடாது. ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் மத்தியச் சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு. எனக்குப் பச்சை அட்டை வந்துவிட்டதால் அந்தத் தலைவலி இல்லை.

மகள் விஷயம் வேறு. 12 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வழிகாட்டியோடுதான் வேட்டையாட முடியும். வழிகாட்டி என்றால், எப்போதும் கை நீட்டினால் தொடும் தூரத்தில். 2017 வரை அதற்கும் 10 வயதாக வேண்டும் என்றிருந்தது, அந்த வருடம் வயது வரம்பையே எடுத்துவிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் உரிமம் வாங்கலாம் என்பது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் படுகிறது. கை எட்டும் தூரம் என்ற விதி மட்டும் பிடித்திருக்கிறது.

பெரியவரின் பண்ணைக்கு மேடிசனிலிருந்து நெடுஞ்சாலை 14 வழியாக இரண்டு மணி நேரம். ஸ்பிரிங் கிரீன் தாண்டியதும் நிலம் மாறுகிறது. விஸ்கான்சினின் பெரும்பகுதியைப் பனிப்பாறைகள் ஒரு காலத்தில் இஸ்திரி போட்டுவிட்டுப் போயின. இந்தத் தென்மேற்கு மூலையை மட்டும் அவை தொடவில்லை. அதனால் செங்குத்தான மேடுகள், குறுகிய பள்ளத்தாக்குகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓடை. சிறுமலை அடிவாரத்தில் வளர்ந்த எனக்கு இந்த மாநிலத்தில் மனசு ஒட்டுகிற இடம் இதுதான்.

ரிச்லாண்ட் சென்டரில் பெட்ரோல் போட நிறுத்தினோம். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1867-இல் பிறந்த ஊர். இன்று அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு. இடுப்புக்கு மேல் பாதி உடையாவது ஒளிரும் ஆரஞ்சில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2016 முதல் ஒளிரும் பிங்க்கும் செல்லும். மகளுக்குக் கடையில் பிங்க்கை எடுத்துக் காட்டினேன், பார்த்த பார்வையில் திருப்பி வைத்துவிட்டேன். மானுக்கு இரண்டுமே மங்கலாகத்தான் தெரியுமாம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு மோங் குடும்பம், தாத்தா, இரண்டு மகன்கள், மூன்று பேரப்பிள்ளைகள். வியட்நாம் போருக்குப் பின் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் மோங் மக்கள், விஸ்கான்சினில் நிறையப் பேர். தாத்தா என் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். இந்த ஆரஞ்சுக் கூட்டத்தில் வெள்ளையில்லாத முகங்கள் நாங்களும் அவர்களும்தான். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரவு, ஊர் வழக்கப்படி வெள்ளிக்கிழமை மீன் வறுவல். அப்புறம் அம்மாவிடமிருந்து போன்.

"மான் பாவம்டா. சல்மான் கானையே கோர்ட்டுக்கு இழுத்தாங்க, உன்னை விடுவாங்களா?"

அது இந்தியா, இங்கே சட்டப்படி அனுமதி உண்டு என்றேன். ஓநாய்களை ஒரு காலத்தில் ஒழித்துவிட்டார்கள், மான் 15 லட்சத்துக்கு மேல் பெருகிவிட்டது, வயலை மேய்கிறது, வண்டியில் விழுகிறது, உரிமக் காசு காட்டைப் பராமரிக்கப் போகிறது என்று பயிற்சியில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, புள்ளைய எதுக்குடா கூட்டிட்டுப் போற?" என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள், சனி

நாலரைக்கு எழுந்தோம். மைனஸ் 4 டிகிரி. நேற்று மாலை வந்ததும் பெரியவர் செய்த முதல் வேலை மகளின் தலையை மோந்து பார்த்தது. தேங்காய் எண்ணெய்! கிளம்பும்போது அவள் அம்மா வழக்கம்போல் தடவிப் பின்னிவிட்டிருக்கிறாள். மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் பலம். வாசனையில்லாத சோப்பால் இரண்டு முறை தலைக்கு ஊற்றியும் முழுதாகப் போகவில்லை. "காற்று நம் பக்கம் அடித்தால் பிழைத்தோம்" என்றார் பெரியவர்.

இருட்டில் கால்மணி நேரம் ஏற்றம். பெரியவர் எதிர்ச்சரிவில் தன் இடத்துக்குப் போய்விட்டார். எங்களுக்குப் பலகையால் அடித்த ஒரு சின்னக் கூண்டு. உட்கார இரண்டு ஸ்டூல், சுட ஒரு ஜன்னல். துப்பாக்கி ஒன்றே ஒன்று. அவருடைய பேரப்பிள்ளைகள் பழகிய பழைய பாயிண்ட் 243, தோளில் அதிகம் இடிக்காது. கோடை முழுக்க இதை வைத்துத்தான் அவளுக்குப் பழக்கினோம். இரவில் அது பெரியவரின் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்கும். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அது வரக் கூடாது என்பது என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை.

சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து சுடலாம். அந்த நிமிடம் வந்ததும் எங்கோ முதல் வெடி. அப்புறம் பள்ளத்தாக்கு முழுக்க, ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டு போட்டது போல் ஒன்று மாற்றி ஒன்று. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எட்டு மணி வாக்கில் எல்லாம் அடங்கியது.

வேட்டை என்றால் ஓட்டமும் துரத்தலும் என்று நினைத்திருந்தவள் இவள். உண்மையில் இது உட்கார்ந்திருக்கும் வேலை. காய்ந்த இலையில் அணில் ஓடினால் யானை வருவது போல் சத்தம் கேட்கும். மானோ சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்பது அணில்களை மான் என்று நம்பினோம். காலுக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலம், ஃபிளாஸ்க்கில் சாக்லேட் பால், டப்பாவில் புளிச்சோறு. புளிச்சோறு ஐஸ்கட்டியாக இருந்தது. அப்புறம் சாக்லேட் பாலின் விளைவு. மூன்று அடுக்கு உடைக்குள் இருக்கும் பெண் குழந்தையை மைனஸ் 4-இல் மரத்தடிக்குக் கூட்டிப்போய் வருவதைப் பற்றிப் பயிற்சியில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நேரம் போகக் கிசுகிசுத்துக்கொண்டே அவளுக்குச் சொல் சொல்லிக்கொடுத்தேன். வார இறுதித் தமிழ் வகுப்பில் மான் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டார்கள். ஆண் மான் கலை. பெண் மான் பிணை. குட்டி மறி. "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பேரா?" என்றாள். இங்கிலீஷிலும் அப்படித்தானே என்றேன். "அது வேட்டைக்காரங்க மொழி. நம்ம ஆளுங்களும் வேட்டைக்காரங்களா?" ஆமாம், ஒரு காலத்தில் என்றேன். என் தாத்தா முயலுக்குக் கண்ணி வைத்த கதையைச் சொன்னேன். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததோடு அந்தக் கதைகள் எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலுக்குப் போய்விட்டன.

பத்தேகாலுக்கு அவள்தான் முதலில் பார்த்தாள். "பிணை" என்றாள், தமிழில். இடப்பக்க மேட்டின் உச்சியில் ஒரு பெண் மான், பின்னால் மறி ஒன்று, ஏறக்குறைய குட்டிப் பருவம் தாண்டியது. 80 கஜம் இருக்கும். காற்று எங்கள் பக்கம். மான் பக்கவாட்டில் திரும்பி நின்றது, பயிற்சிப் புத்தகத்தில் போட்ட படம் போல. அவள் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, கன்னத்தைப் பதித்து, மூச்சை அடக்கிக்கொண்டாள். நான் அவள் காதில், "எப்ப வேணாலும்" என்றேன்.

ஐந்து விநாடி. பத்து விநாடி. என் இதயத் துடிப்பு எனக்கே கேட்டது.

"பின்னாடி ஒண்ணுமே இல்லையேப்பா."

அப்போதுதான் பார்த்தேன். மானுக்குப் பின்னால் வெறும் வானம். குண்டு தவறினாலும் ஊடுருவினாலும் மேட்டைத் தாண்டி எங்கே போய் விழும் என்று தெரியாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆமிஷ் குடும்பத்தின் பண்ணை. விஸ்கான்சின் பயிற்சியில் நான்கு விதிகளை மந்திரம் போல் உருவேற்றுவார்கள்: எந்தத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதாகவே நினை, குழல்வாய் எப்போதும் ஆபத்தில்லாத திசையில், இலக்கு எது, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரிந்துகொள், சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே. மூன்றாவது விதி எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் விரல் இன்னும் வெளியேதான் இருந்தது.

மான் கொஞ்ச நேரம் நின்று, வெள்ளை வாலைக் கொடி போல் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

மாலை வரை வேறு எதுவும் வரவில்லை. பெரியவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் சொன்னதைக் கேட்டதும் அவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

இன்று எழுதக் கை வரவில்லை. சுருக்கமாக எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

காலையில் ஒன்றுமில்லை. மதியம் பெரியவர் எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். கலைமான் கொம்பை உரசிப் பட்டை உரிந்த மரங்கள், குளம்பால் பறித்துத் தன் வாசனையை விட்டுப்போன மண். இது இணைசேரும் பருவத்தின் கடைசி. மகள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மாலை கூண்டுக்குப் போனதும் துப்பாக்கியை என் பக்கம் தள்ளினாள். "இன்னிக்கு நீங்க." ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். வற்புறுத்தவில்லை. என்னிடம் பெண் மானுக்கான சீட்டு இருந்தது.

நாலேகாலுக்கு ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பிணை நடந்து வந்தது. பின்னால் மண் மேடு, எல்லாம் சரி. ஆனால் அது நிற்கவில்லை. வாயால் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தால் மான் ஒரு கணம் நின்று பார்க்கும், அப்போது சுட வேண்டும். தெரியும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, நாளை கிளம்ப வேண்டும், போன வருடமும் வெறுங்கை. நடக்கும்போதே சுட்டுவிட்டேன்.

மான் முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, ஓடக்கூட இல்லாமல் புதருக்குள் போயிற்று.

பெரியவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எப்படிப் போனது?" மகள்தான் பதில் சொன்னாள். கூனிக்கொண்டு நடந்தது என்று. அவர் முகம் மாறியது. மான் நின்ற இடத்தில் கை விளக்கை அடித்தார். கொஞ்சம் கரும்பழுப்பு ரத்தம், அதில் பச்சையாக, அரைத்த புல் போல ஏதோ. முகர்ந்து பார்த்தார். குடல். நெஞ்சில் பட்டிருந்தால் நூறு கஜத்துக்குள் விழுந்திருக்கும். இது எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும், இப்போது பின்னால் போனால் எழுந்து இன்னும் ஒரு மைல் ஓடும், கிடைக்கவே கிடைக்காது. விடியும் வரை விட்டுவிட வேண்டும்.

"விடியிற வரைக்கும் அது உயிரோடவா இருக்கும்?" என்றாள் மகள்.

பெரியவர் பொய் சொல்லவில்லை. "சில மணி நேரம் இருக்கும்" என்றார்.

இப்போது இரவு பதினொன்று. தூரத்தில் நரி போன்ற கொயோட்டிகள் ஊளையிடுகின்றன. மகள் இரண்டு முறை எழுந்து வந்தாள். முதல் முறை, "அது இப்ப என்ன பண்ணிட்டு இருக்கும்?" இரண்டாம் முறை, "ஏம்பா அவசரப்பட்டீங்க?"

எல்லோரும் தவறு செய்வார்கள், அது இது என்று ஆரம்பித்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். "நாளைக்குக் கிளம்பணும்னு நினைச்சேன். வெறுங்கையோட போகக் கூடாதுன்னு நினைச்சேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

நான்காம் நாள், திங்கள்

பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். காரணம் என்று கேட்ட இடத்தில் "குடும்ப வேலை" என்று எழுதினேன்.

இரவில் மைனஸ் 7. புல் நுனியெல்லாம் வெள்ளை. பெரியவர் ஒரு கழிவறைக் காகிதச் சுருளை மகள் கையில் கொடுத்தார். ரத்தம் கண்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டைக் கிள்ளி வைக்க வேண்டும். அடுத்த துளி கிடைக்காதபோது திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் துண்டுகள் மான் போன திசையைக் கோடாகக் காட்டும். ரத்தத்தின் மேல் நடக்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரு துளி கிடைத்த பிறகுதான் அடுத்த அடி.

முதல் முப்பது கஜம் நானும் பெரியவரும் கண்டுபிடித்தோம். அதற்கப்புறம் எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குக் கண்புரை அறுவை நடந்து ஆறு மாதம். எனக்குச் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. மகள் முழங்காலில் இறங்கிவிட்டாள். ஓர் இலையைத் திருப்புவாள், கீழே வைப்பாள், அடுத்தது. நாங்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு காய்ந்த செடியின் தண்டைக் காட்டினாள். தரையிலிருந்து அவள் இடுப்புயரத்தில் ஒரு கரிய தீற்றல். வயிற்றில் காயம் பட்ட மான் உரசிக்கொண்டு போனால் அந்த உயரத்தில்தான் இருக்கும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அங்கிருந்து அவள்தான் முன்னால். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் காகிதம் கொடுக்கும் ஆட்கள். ஒரு முள்வேலி, அதில் ஒரு கொத்து மயிர். ஒரு மான் தடம் இரண்டாகப் பிரிந்த இடத்தில் இருபது நிமிடம் எதுவும் கிடைக்கவில்லை. பெரியவர், காயம் பட்டது தண்ணீரைத் தேடும், கீழே ஒரு ஊற்று இருக்கிறது, நேராக அங்கே போய்விடலாம் என்றார். மகள் மறுத்துவிட்டாள். தடத்தை விட்டுவிட்டுப் போய் அங்கே இல்லையென்றால் திரும்ப இந்த இடம் தெரியாது என்றாள். எழுபது வருடம் இந்தக் காட்டில் நடந்தவர், "நீ சொல்வது சரி" என்று நின்றுகொண்டார்.

கடைசியில் அது ஊற்றங்கரையில்தான் கிடந்தது. சுட்ட இடத்திலிருந்து 300 கஜம் இருக்கும். ஒரு செடார் மரத்தடியில், கால்களை மடக்கிப் படுத்தது படுத்தபடி. முதுகில் பனி பூத்திருந்தது. பின்தொடை ஒன்றைக் கொயோட்டி கொஞ்சம் கடித்திருந்தது. கண் திறந்தே இருந்தது. ஒருவர் தள்ளி நின்று நீண்ட கம்பால் கண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் இறந்ததை உறுதி செய்ய வேண்டும். நான்தான் செய்தேன்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் அழுதுவிடுவேனோ என்றிருந்தது. பெரியவர் அவளிடம் செடார் மரத்தில் ஒரு சின்னக் கொப்பு ஒடித்துத் தரச் சொன்னார். அதை மானின் வாயில், பல்லுக்கிடையில் வைத்தார். அவருடைய ஜெர்மன் தாத்தா செய்ததாம். கொன்ற விலங்குக்குக் கடைசி வாய் உணவு.

வாய்க்கரிசி. எனக்கு வேறு சொல் தோன்றவில்லை. என் தாத்தாவின் வாயில் நான் போட்டபோது எனக்கும் இவள் வயதுதான். மகளுக்கு அதைச் சொன்னேன். "அரிசியா?" என்று கேட்டுவிட்டு, கொப்பு சாய்ந்திருந்ததைச் சரியாக வைத்தாள்.

அப்புறம் வேலை. குடலில் பட்ட மானைத் திறக்கும்போது வரும் நாற்றத்தை வர்ணிக்கப் போவதில்லை. வழக்கமாகப் பெருமையாக எடுக்கும் உள்முதுகுச் சதை முழுக்கப் பாழ். ஈரலும் ஆகாது. குளிர் இருந்ததால் தோள்கள், ஒரு தொடை, வெளிமுதுகுச் சதை இவை தப்பின. மகள் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நடுவில் ஒருமுறை திரும்பி, "இதயம் எது?" என்றாள். காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தாள். குண்டு அதற்கு ஒரு முழம் பின்னால் போயிருந்தது. அதையும் பார்த்தாள்.

பிளாஸ்டிக் சறுக்கில் வைத்து இழுத்து வந்தோம். போகிற வழியில் வைத்த காகிதத் துண்டுகளையெல்லாம் அவளே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். போனிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இன்னொரு வேலையும் உண்டு. இந்தப் பக்கத்து மான்களுக்கு ஒரு நோய் இருக்கிறது. மூளையைச் சல்லடையாக்கி மெலியவைத்துக் கொன்றுவிடும். 2002-இல் விஸ்கான்சினில் முதலில் தெரியவந்தது. கிருமியால் வருவதில்லை, உருக்குலைந்த ஒரு புரதத்தால் வருவது, வேகவைத்தாலும் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியான சான்று இல்லை, இருந்தாலும் நோய் உள்ள மானைத் தின்ன வேண்டாம் என்கிறார்கள். ஆகவே கழுத்தில் ஐந்து அங்குலம் விட்டுத் தலையை வெட்டி, பையில் கட்டி, சாலையோரம் வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். படிவத்தை மகள் நிரப்பினாள். முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம்.

திரும்பும்போது ஸ்பிரிங் கிரீன் வரை பேச்சே இல்லை. விஸ்கான்சின் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் சுடுவேனான்னு தெரியலப்பா. தேடறதுக்கு வேணா வர்றேன்."

ஐந்தாம் நாள், செவ்வாய்

பெரியவரின் கராஜில் கறியைப் பிரித்தோம். எலும்பில்லாமல் 11 கிலோ தேறியது. சரியாகச் சுட்டிருந்தால் இன்னும் ஐந்தாறு கிலோ வந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பொட்டலம் கட்டும் வேலை மகளுக்கு. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மார்க்கரால் தமிழில் எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மா போன் செய்தார். கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். பேத்தியிடம் கொடு என்றார். இரண்டு பேரும் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை.

ராத்திரி மனைவி முருங்கைக்காய் எடுக்க ஃபிரீசரைத் திறந்தாள். உள்ளே அடுக்கிய பதினாறு பொட்டலத்திலும் ஒரே வாசகம்: "பிணை. ரிசல்ட் வரும்வரை தொடாதே."

"ஏங்க," என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டாள், "யாருக்குங்க பிணை?"